பாரி வேட்டைக்குப் போன கேமரா

வேலங்காடு,
செட்டிகுளம் வழி.
27.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுவாதி எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது. காளைக் கன்று என்பதால் அப்பா மாட்டோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பயிற்சியில் காலையில் வெகுதூரம் ஓடச் சொல்கிறார்கள் என்றாயாம். அன்றிலிருந்து அம்மா வருகிறவர்கள் எல்லோரிடமும், "காட்டைக் காக்குறதுக்கு எதுக்குங்க ஓடணும்? காடு என்ன ஓடியா போவுது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினால் நான் 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று உனக்கு வருத்தம். என்ன செய்வது? பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது எல்லோர் முன்னாலும் நின்று பாடத்தைச் சொல்லச் சொன்னார்கள் என்றுதானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். போனும் அப்படித்தான். காகிதத்தில் என்றால் எனக்குப் பேச்சு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் செல்லியம்மனுக்கு முயல் பிடித்து வருகிற பாரி வேட்டை இந்த வருடம் பெரிதாக நடக்கப் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் வீடியோ கேட்கிறார்களாம். பெரம்பலூர் ஸ்டுடியோக்காரர், "முள்ளுக்காட்டுக்குள்ள எல்லாம் நம்மால வர முடியாதுங்க, மண்டபம்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் விழாக்குழுத் தலைவர் அமிர்தலிங்கம் பெரியப்பா நேற்று நம் வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, ஒம்மவன் கேமரா சும்மாத்தான கெடக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"சும்மா கெடக்கலைங்க. பொட்டியில பத்திரமா இருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன். பாப்பா எடுக்கட்டும். போன வருசம் எங்க வூட்டுக் கெடாவ எடுத்துச்சே, நேர்ல பாத்ததவிட போட்டோவுல லட்சணமா இருந்துச்சு."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முடியாது என்று சொல்வதற்குள் அவர் போய்விட்டார். உன் கேமராவைத் தொடலாமா? (சார்ஜ் போடுவதற்காக ஏற்கெனவே தொட்டுவிட்டேன்.) ஓடுகிற எதை எடுத்தாலும் கோடு கோடாக வருகிறது. நம் கோழியை விரட்டி விரட்டி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கோழி இப்போது என்னைக் கண்டாலே கூரையில் ஏறிவிடுகிறது. எதை எதில் வைக்க வேண்டும் என்று எழுது.

உன் அன்புத் தங்கை,
சுவாதி


பயிற்சி முகாம்
2.2.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில், கேமராவைத் தொடாதே.

அடுத்தது, நான் இங்கே எதற்குப் படிக்கிறேன் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? வனக்காவலர் வேலைக்கு. காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். பிடிக்காவிட்டாலும் வலையோடு காட்டில் நிற்பது குற்றம். போன வாரம்தான் அதில் தேர்வு எழுதினேன். 'பாரி வேட்டையைத் தடுக்கும் வழிகளை விளக்குக' என்பது கேள்வி. இரண்டு பக்கம் விளக்கினேன். நம் ஊர் வேட்டையில் நம் அப்பாதான் முதல் வலை பிடிப்பவர் என்பதை மட்டும் விளக்கவில்லை.

மார்ச் மாதம் எனக்குப் பணி உத்தரவு வர வேண்டும். அதற்குள் அப்பா பேரில் வேட்டை வழக்கு ஒன்று வந்தால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். எத்தனை வருடம் இதற்குப் படித்தேன் என்று உனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் விளக்குப் பிடித்துக்கொண்டு, பந்தி முடிந்த பிறகு மண்டபத்திலேயே உட்கார்ந்து படித்தவன்.

போனில் என்னால் எதுவும் சொல்ல முடியாது. இங்கே எல்லோருக்கும் ஒரே போன். பக்கத்தில் பயிற்சியாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்குக் கத்திச் சொன்னால்தான் காதில் விழும். பயிற்சியாளரை வைத்துக்கொண்டு 'வேட்டைக்குப் போகாதீங்கப்பா' என்று எப்படிக் கத்துவது? இன்று சாயங்காலம் ஜாடையாகச் சொல்லிப் பார்க்கிறேன். நீ நேரில் பக்குவமாக எடுத்துச் சொல்.

ஓடுவதை எடுக்க ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு மேல் வை. வீடியோ என்றால் முயலின் பின்னாலேயே திருப்பாதே, அது எங்கே போகும் என்று நினைத்து ஒரு நொடி முன்னால் திருப்பு. வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள். இதெல்லாம் பொது அறிவுக்காக. தொடாதே.

அன்பு அண்ணன்,
சுதர்சன்


வேலங்காடு
10.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ஜாடையாகச் சொன்னது அப்பாவுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. "இந்த மாசம் வர்ற விசேஷத்துக்குப் போக வேணாம்பா, போனா என் வேலைக்கே ஆபத்து" என்று சொன்னாயாம். அப்பா ஆண்டிமடத்தில் சின்ன அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போகவில்லை.

தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையைக் கிரைண்டர் மேல் உட்கார வைத்துக் காது குத்தினார்களாம். அத்தை போனில் அழுதாள். அப்பா, "காரணம் கேக்காத. பையன் சொல்லியிருக்கான், கவர்மென்ட் விசயம்" என்று சொல்லி வைத்துவிட்டார். காதுகுத்துக்கும் கவர்மென்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது ஆண்டிமடமே குழம்பிப்போயிருக்கிறது.

நீ சொன்னது வேட்டையைத்தான் என்று உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சத்தமே வரவில்லை என்று மூன்று தடவை திரும்பப் படிக்கச் சொன்னார். கடைசியில் அம்மா வாங்கிப் படித்தாள். கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "ஒரு விசேஷத்தத்தான் வுட்டுட்டேனே. இன்னொண்ணையும் வுடச் சொன்னா எப்புடி? நான் மொத வலை பிடிக்கலன்னா அடுத்தவன் பிடிக்க மாட்டான். இது சாமி காரியம். வேட்டையா இது?"

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பஸ் ஸ்டாப்பில் விழாவுக்கு பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் செல்லியம்மன் ஓரத்தில் இருக்கிறாள். நடுவில் நீ இருக்கிறாய், அம்மனைவிட உயரமாக. பொங்கலுக்கு வந்தபோது காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றாயே, நான் எடுத்தேனே, அந்தப் படம். அம்மன் படம் வேண்டும் என்று பெரியப்பா மெமரி கார்டை வாங்கிப் போனபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. உன் கையில் ஒரு வேல்கம்பு கொடுத்திருக்கிறார்கள். காலடியில் ஒரு முயல். இந்தப் பக்கத்து முயல் இல்லை, வெள்ளை வெளேரென்று சிவந்த கண்ணோடு இருக்கிறது. அதற்குக் கீழே, 'மாபெரும் பாரி வேட்டைக்கு வருகை தரும் அன்பு உள்ளங்களை வனத்துறை சார்பில் வரவேற்கிறோம்.' அதற்கும் கீழே வேட்டைக்குப் போகும் எல்லோருடைய படமும், பேரும், போன் நம்பரும். உன் பக்கத்தில் அப்பா. 'முதல் வலை: நடராசன்.'

படம் மட்டும் நல்ல தெளிவாக வந்திருக்கிறது, அண்ணா.

உன் தங்கை,
சுவாதி


பயிற்சி முகாம்
14.2.2025

சுவாதி,

இறக்கு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே அதை இறக்கச் சொல். முடியாவிட்டால் என் முகத்தின் மேல் சாணி அடி. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த பஸ் ஸ்டாப் வழியாகத்தான் வனத்துறை ரேஞ்சரின் ஜீப் போகும். திருடப் போகிறவன் தன் படத்தைப் போட்டுப் போன் நம்பரும் கொடுத்து, போலீஸ்காரன் படத்தை நடுவில் வைத்து வாருங்கள் என்று கூப்பிடுவானா? நம் ஊர்க்காரன் கூப்பிடுவான்.

இன்று வகுப்பில் பயிற்சியாளர், "பெரம்பலூர்க்காரன் எவன்டா இங்க?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். "ஒங்க ஊர்ல சின்ன வெங்காயம் இப்ப என்ன வெலடா?" என்றார். எனக்கு வெங்காயம் என்றால் என்னவென்றே ஒரு நிமிடம் மறந்துபோய்விட்டது.

பெரியப்பாவைப் போய்ப் பார். உனக்கு வாய் வராது. எழுதிக் கொண்டுபோய்க் கொடு. என் வேலை இப்போது உன் கையில் இருக்கிறது. வேறு ஆள் இருந்தால் உன்னிடம் சொல்வேனா?

சுதர்சன்


வேலங்காடு
1.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் இதைப் படித்துவிடு: அப்பா பேரில் வழக்கு இல்லை. யார் பேரிலும் இல்லை. இனி நிதானமாகப் படி.

நீ சொன்னபடியே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லை என்று அவர் புஷ்பவல்லி பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா, "அடி ஆத்தி, கையெழுத்து முத்து முத்தா இருக்கேடி!" என்று என்னை உட்கார வைத்து மகளிர் குழுவுக்கு இரண்டு மனு எழுதி வாங்கிக்கொண்டாள். பிளக்ஸை இறக்குவது பற்றிப் பெரியப்பா சொன்னது இதுதான்: "வெவரம் தெரியாத புள்ளையா இருக்கியே! ஒங்கண்ணன் மூஞ்சி அதுல இருக்கிறதாலதான் பாரஸ்டு ஜீப்பு நிக்காமப் போவுது. நம்ம ஆளு உள்ள இருக்கான்னு அவங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கும்ல?"

மறுபடியும் போனேன். மனு நன்றாக இருந்ததாம், இன்னொன்று எழுதச் சொன்னார்கள். அதோடு நான் போகவில்லை. உன்னிடம் சொல்லவும் பயம். வேட்டை நாளும் வந்துவிட்டது.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. மக்காச்சோளம் அறுத்த கொல்லையைத் தாண்டி முள்ளுக்காட்டு ஓரமாக எல்லோரும் கூடிவிட்டார்கள். வலை, கம்பு, நாய், மேளம். நான் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, அப்பாவின் முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் பார்த்தது என்னை இல்லை, கேமராவை. எல்லோரும் மீசையைத் தடவிக்கொண்டு நேராக நின்றார்கள்.

"பாப்பா, எப்புடி நிக்கணும் நாங்க?" என்று பெரியப்பா கேட்டார்.

என் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக ஊரே காத்திருந்து நான் பார்த்ததில்லை. "சூரியன் மூஞ்சியில விழற மாதிரி நில்லுங்க" என்றேன். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். முயல் வருகிற திசைக்கு முதுகைக் காட்டி.

நாய்கள் புதரைக் கலைத்தன. ஒரு முயல் கிளம்பி நேராக அப்பாவின் வலையைப் பார்த்து ஓடி வந்தது. நீ எழுதியபடி ஒரு நொடி முன்னால் திருப்பினேன். காது மடிந்திருப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. "அப்பா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டேன். நான் சத்தமாகக் கூப்பிட்டதில் அதிர்ந்துபோய் அப்பா என்னைப் பார்த்தார். முயல் அவர் காலுக்கு நடுவில் புகுந்து போய்விட்டது.

"சரியா வரலைங்க. மறுபடி எடுக்கலாம்" என்றேன். எல்லோரும் ஓடிப்போய்ப் பழைய இடத்தில் நின்றார்கள். முயல் மட்டும் வரவில்லை.

முதல் தடவை தெரியாமல் நடந்தது, அண்ணா. அதற்குப் பிறகு தெரிந்தே செய்தேன். வலை நிழலில் இருக்கிறது, அந்தப் பக்கம் கட்டுங்கள் என்றேன். கட்டினார்கள். கம்பைத் தூக்கிக் கத்திக்கொண்டே மெதுவாக ஓடுங்கள் என்றேன். ஓடினார்கள். அமிர்தலிங்கம் பெரியப்பா மூன்று சட்டை மாற்றினார். பூசாரி அய்யாக்கண்ணு தாத்தா தான் ஒரு பக்கமாகத்தான் அழகு என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பின்னால் பிளக்ஸ் தெரிந்தால் எடுப்பாக இருக்கும் என்றேன். நான் மனு எழுதி எழுதி இறக்க முடியாததை இரண்டு பேர் வண்டியில் போய் ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். காற்றில் அது படபடவென்று அடித்தது. நாய்கள் உன் முகத்தைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தன. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் எந்த முயல் இருக்கும்?

அப்போதுதான் ஜீப் வந்தது. ரேஞ்சர் ஒரு அம்மா. இறங்கினார். வலையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிளக்ஸில் உன்னைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"ஷூட்டிங்குங்க மேடம்" என்றார் பெரியப்பா.

"என்ன ஷூட்டிங்?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா பூசாரித் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா தன் அழகான பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. அப்பா இன்னும் வலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். உன் கடிதம் ஞாபகம் வந்தது. கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமலே பேசினேன்.

"வேட்டையாடக் கூடாதுன்னு... விழிப்புணர்வுப் படங்க மேடம்."

"இந்த வலை?"

"நடிக்கிறதுக்குங்க."

"நாய்?"

"அதுவும் நடிக்குதுங்க."

"பிளக்ஸ்ல இருக்கிறது யாரு?"

"எங்கண்ணங்க. வனக்காவலர் பயிற்சியில இருக்காங்க. கதையில அவங்கதான் கடைசியில வந்து எல்லாரையும் திருத்துவாங்க."

"கையில வேல்கம்பு இருக்கே?"

"திருந்துறதுக்கு முன்னாடி எடுத்த படங்க."

அந்த அம்மா ஜீப் நிழலில் போய் நின்று, "சரி, எடு. முழுசாப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றார்.

வேறு வழி? எடுத்தேன். பெரியப்பா தரையில் விழுந்து புரண்டு, "அய்யோ, ஒரு வாயில்லா ஜீவன வேட்டையாடப் பாத்தேனே!" என்று அழுதார். நிஜமாகவே கண்ணீர் வந்தது, முள் குத்தியதால். அப்பா, "இனிமே இந்தக் கையால வலையத் தொட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். வாய்க்குள்ளேயே முனகினார். "சத்தமாச் சொல்லுங்க, கேக்கல" என்றேன். மறுபடி சொன்னார். "அம்மன் மேல சத்தியமான்னு சேத்துச் சொல்லுங்க" என்றேன். அப்பா என்னை முறைத்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டார். அம்மன் பேரைச் சொன்ன பிறகு நடிப்பாவது ஒன்றாவது? அப்பாவுக்கு அது போதும், உனக்குத் தெரியும்.

போகும்போது ரேஞ்சர் அம்மா, "நடிச்சு முடிச்சாச்சுல்ல? வலையெல்லாம் ஜீப்புல போடுங்க" என்றார். படத்தை ஆபீசுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் நம்பர் கொடுத்தார்.

சாமிக்கு அம்மா பச்சரிசி மாவில் முயல் பிடித்து வைத்தாள். பூசாரித் தாத்தா பூப்போட்டுக் கேட்டதில் அம்மன் சரி என்று சொல்லிவிட்டாள். கறி இல்லாததால் ஊர்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

உன் தங்கை,
சுவாதி


பயிற்சி முகாம்
15.3.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பாதி நீ கதை கட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். நேற்று வகுப்பில் திரை கட்டி, "ஒரு கிராமத்து மக்களே எடுத்த படம்" என்று ஒன்றைப் போட்டார்கள். முதல் காட்சியிலேயே நான் வேல்கம்போடு நிற்கிறேன்.

விளக்கைப் போட்டதும் பயிற்சியாளர், "டேய் கதாநாயகா, எந்திரி" என்றார். இப்போது சமையல்காரர்வரை எல்லோரும் என்னைக் கதாநாயகன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா சத்தியம் செய்த இடத்தில் கைதட்டினார்கள். பணி உத்தரவும் வந்துவிட்டது. அரியலூர்ப் பக்கம். அம்மாவிடம் சொல்.

நீ எடுத்தது நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் ஆடுகிறது. அந்த முயல் ஓடும் காட்சியில் மட்டும் ஆடவே இல்லை. ஒன்று கேட்க வேண்டும். படத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் "சத்தமாச் சொல்லுங்க, கேக்கல" என்று அப்பாவையே அதட்டுகிறாளே, யார் அவள்? புஷ்பவல்லி பெரியம்மாவா? நல்ல கணீரென்ற குரல்.

வேலையில் எனக்குக் கேமரா உதவியாக இருக்கும். என் நண்பன் ராஜா அடுத்த வாரம் பெரம்பலூர் வருகிறான். பெட்டியோடு அவனிடம் கொடுத்தனுப்பு. உனக்கு இனிமேல் அது எதற்கு?

அன்பு அண்ணன்,
சுதர்சன்


வேலங்காடு
22.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கு வேலை கிடைத்ததை அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பா காளைக் கன்றோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

ராஜா அண்ணன் வந்தார். நீ பெட்டியோடு கேட்டிருந்தாய். பெட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே முறுக்கு இருக்கிறது. கேமராவைத் தர மாட்டேன். இதை ராஜா அண்ணனிடமே வாயால் சொன்னேன். அவர் நம்பாமல் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

எதற்கு என்று கேட்கிறாயே, சொல்கிறேன். சுற்று வட்டாரத்தில் பங்குனி முடியும் வரை வேட்டைகள் இருக்கின்றன. அந்தப் பெண் கேமராவோடு வந்து நின்றால் வழக்கு வராது, ஜீப் வந்தால் ஷூட்டிங் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பேச்சுப் பரவிவிட்டது. என்னைத் தேடி வந்து அழைத்துப் போகிறார்கள். இதுவரை மூன்று ஊருக்குப் போய்விட்டேன். மூன்று ஊரிலும் ஒரு முயல்கூட அகப்படவில்லை. "காலம் கெட்டுப்போச்சு, காட்டுல முயலே இல்ல" என்று பேசிக்கொள்கிறார்கள். நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சூரியன் எந்தப் பக்கம், வலை எந்தப் பக்கம் என்பதெல்லாம் என் பொறுப்பு. இது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும். உன் மேலதிகாரிகளிடமும் சொல்லிவிடாதே.

நீ கேட்டாயே, அந்தக் குரல் பெரியம்மாவுடையது இல்லை. என்னுடையது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் உனக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை, படத்தைக் கணினியில் போட்டுக் கேட்கும் வரை.

அடுத்த வாரம் அரியலூர்ப் பக்கத்திலிருந்து, முந்திரிக்காட்டு வேட்டைக்கு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அது உன் எல்லையாக இருந்தாலும் இருக்கும். நீயே ஜீப்பில் வந்து இறங்கினாலும் இறங்குவாய். வந்தால் என்னைத் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாதே. பாப்பா என்று கூப்பிடாதே. வந்த வேகத்தில் எனக்கு முன்னால் வந்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்காதே. "சார், கொஞ்சம் நகருங்க" என்பேன். நகர்ந்துவிடு.

சுவாதி